பதினொரு மீட்டர் பயம்: கால்பந்தில் வெல்வதும் தோற்பதும்

2006 ஜூலை 4 அன்று டோர்ட்முண்ட் நகரில் உலகக் கோப்பை அரையிறுதி. ஜெர்மனி சொந்த மண்ணில் இத்தாலியை எதிர்கொண்டது. கூடுதல் நேரமும் தீரப்போகிற சமயம், 119ஆவது நிமிடத்தில் ஃபாபியோ குரோஸ்ஸோ கோல் அடித்தார். மூச்சு விடுவதற்குள் தெல் பியேரோ இன்னொன்று. ஜெர்மனி வெளியேறியது, நாடே அழுதது. அன்று தற்காப்பில் ஆடிய பெர் மெர்டெசாக்கருக்கு வயது 21. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறவிருந்த நேரத்தில், 'டெர் ஷ்பீகல்' இதழுக்கு அவர் ஒரு பேட்டி கொடுத்தார். அந்த இரவில் ஏமாற்றம் இருந்தது உண்மைதான், ஆனால் அதைவிட மேலோங்கி இருந்தது நிம்மதி என்றார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி அந்த அழுத்தம் இல்லை என்ற நிம்மதி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் தனக்குக் குமட்டும் என்றும், மற்றவர்கள் பார்க்காதபடி தலையைத் திருப்பிக்கொள்வது வழக்கம் என்றும் அதே பேட்டியில் சொன்னார். இதைச் சொன்னவர் நூறு ஆட்டங்களுக்கு மேல் தன் நாட்டுக்காக ஆடியவர். 2014இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியவர்.

தோற்பதில் நிம்மதி காணும் ஒருவர் எப்படி உலக சாம்பியன் ஆனார்? கால்பந்தைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் மொழியில் இதற்குப் பதில் இல்லை. 'வெல்லும் வெறி', 'சாம்பியன் மனநிலை', 'இரும்பு நெஞ்சம்' என்பதுதான் அந்த மொழி. வென்றவனுக்கு அது இருந்தது, தோற்றவனுக்கு இல்லை என்று ஆட்டம் முடிந்த மறுநிமிடமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் சேர்த்துவைத்த சான்றுகளை வரிசையாகப் படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. மனம் ஆட்டத்தை மாற்றுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதனுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் குணத்தைவிட, அந்தக் கணத்தில் அவன் தோளில் ஏற்றப்படும் பாரமே அதிகம் வேலை செய்கிறது. அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை ஏற்றுகிறவர்கள் மற்றவர்கள்.

முதலில் தற்செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில்முறைக் கால்பந்தில் இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் அடிக்கும் கோல்கள் சராசரியாக மூன்றுக்கும் குறைவு. கூடைப்பந்தில் நூறு புள்ளிகளுக்கு நடுவே ஒரு தவறு கரைந்துபோகும். இங்கே கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து பட்டத்தையே மாற்றிவிடும். சிறந்த அணி தோற்பதற்கு இவ்வளவு வாய்ப்புள்ள பெரிய குழு விளையாட்டு வேறு இல்லை என்றே சொல்லலாம். 1954 உலகக் கோப்பையில் ஹங்கேரி, குழுச் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8–3 என்று நொறுக்கியது. இரண்டு வாரம் கழித்து பெர்ன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே அணியிடம் 2–3 என்று தோற்றது. இடைப்பட்ட நாட்களில் ஹங்கேரியரின் மனம் வலுவிழந்துவிட்டதா? மழை, புஷ்காஷின் காயம், முந்தைய சுற்றுகளின் களைப்பு என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் முடிவு தெரிந்த பிறகு கதை சொல்பவர்களுக்கு மனவலிமைதான் எளிதாகக் கிடைக்கும் காரணம்.

ஜெர்மானியரின் 'பனிக்கட்டி நரம்புகள்' பற்றிய நம்பிக்கையும் இப்படி எழுந்ததுதான். 1976இல் பெல்கிரேடில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியின் பெனால்டி உதைகளில் மேற்கு ஜெர்மனியின் ஊலி ஹொனஸ் பந்தை வானத்துக்கு அனுப்பினார். அடுத்து செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா கோல்கீப்பர் பாயும்வரை பொறுத்து நடுவில் மெல்லத் தூக்கிவிட்டு வென்றார். அதன் பிறகு ஜெர்மன் ஆண்கள் அணி பெரிய போட்டிகளில் பெனால்டி ஷூட்அவுட் எதிலும் தோற்றதில்லை: 1982, 1986, 1990, 1996, 2006, 2016. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் கடைசியாகச் சொன்ன 2016இல், இத்தாலிக்கு எதிராக, முல்லர், ஓசில், ஷ்வைன்ஸ்டைகர் மூவரும் தவறவிட்டார்கள். மூன்று உலக சாம்பியன்கள். இத்தாலியர் நால்வர் தவறவிட்டதால் ஜெர்மனி வென்றது. ஆறு ஷூட்அவுட்களிலிருந்து ஒரு தேசத்தின் குணத்தை முடிவுகட்டுவது அறிவியல் ஆகாது.

குணத்தை நேரடியாக அளந்துபார்க்கவும் முயன்றார்கள். 1958 உலகக் கோப்பைக்குச் சென்ற பிரேசில் அணியுடன் ஜோவோ கார்வல்யாயிஸ் என்ற உளவியலாளரும் சென்றார். சோதனைகள் நடத்திப் பார்த்து, 17 வயது பெலே இன்னும் சிறுபிள்ளை, போராட்ட குணம் போதாது என்றும், கரிஞ்சாவும் பொறுப்பான ஆட்டங்களுக்கு ஏற்றவரல்ல என்றும் அறிக்கை கொடுத்தார். பயிற்சியாளர் விசென்டே ஃபெயோலா அதை ஒதுக்கிவைத்துவிட்டு இருவரையும் இறக்கினார். இறுதியில் சுவீடனை 5–2 என்று வென்றபோது பெலே இரண்டு கோல் அடித்தார். கார்வல்யாயிஸைக் கேலி செய்ய இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கால்பந்து அணிக்கு ஓர் உளவியலாளர் தேவை என்று 1958லேயே பிரேசில் எண்ணியது பெரிய விஷயம். அவர் தேடியது தவறான இடத்தில், அவ்வளவுதான். தனிமனிதக் குணத்தில் தேடினார். சூழலில் தேடியிருக்க வேண்டும்.

சூழலைத் தேடுகிறவர்களுக்குக் கால்பந்தே ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. 1970க்கு முன் சமநிலையில் முடிந்த ஆட்டங்களை மறுபடி ஆடினார்கள், இல்லையேல் நாணயம் சுண்டினார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை இத்தாலி வென்றது நாணயத்தால்தான். அதற்கு மாற்றாக வந்த ஷூட்அவுட்டில் தூரம் எப்போதும் 11 மீட்டர், எதிரே ஒரே ஒரு கோல்கீப்பர், பந்து அசையாமல் நிற்கிறது. மாறுவது அந்த உதைக்கு அப்போதுள்ள அர்த்தம் மட்டுமே. நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெய்ர் யூர்டெட் பெரிய போட்டிகளின் ஷூட்அவுட் காணொளிகளை உதை உதையாக ஆராய்ந்தார். இதை அடித்தால் அணி உடனே வெல்லும் என்ற நிலையில் உதைத்தவர்களில் நூற்றுக்கு 92 பேர் கோல் அடித்திருந்தார்கள். இதைத் தவறவிட்டால் அணி உடனே தோற்கும் என்ற நிலையில் அந்த எண்ணிக்கை 60க்கு அருகே விழுந்துவிடுகிறது. இரண்டாவது வகை உதை பெரும்பாலும் ஏற்கெனவே பின்தங்கிவிட்ட அணிக்கே வாய்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. எல்லா வித்தியாசத்தையும் பயத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் முப்பது சதவீத இடைவெளியைத் திறமை வேறுபாடு மட்டுமே உண்டாக்கிவிடாது.

அந்த இடைவெளியில் உடல் என்ன செய்கிறது என்பதுதான் யூர்டெட்டின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பயந்தவர் தாமதிப்பார் என்று நினைப்போம். நேர்மாறாக, அவசரப்படுகிறார். நடுவர் விசில் ஊதியதும் ஓடத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நாடுவாரியாக அளந்தபோது இங்கிலாந்து வீரர்களே மிக வேகமானவர்கள்: சராசரி 0.28 வினாடி. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பாய்கிறவர்களைவிட ஒரு வினாடியின் சிறு பகுதிதான் தாமதம். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று உடல் கெஞ்சுகிறது. பந்தை வைத்துவிட்டுக் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டியபடி பின்னால் நடப்பதும் அவர்களிடம் அதிகம் காணப்பட்டது. இங்கிலாந்து 1990, 1996, 1998, 2004, 2006 என்று மீண்டும் மீண்டும் தோற்ற காலத்தின் கணக்கு இது.

எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீரர்களுக்குக் கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பதற்றம் கூடும்போது கண் கோல்கீப்பரிடம் சீக்கிரமாகப் போகிறது, அதிக நேரம் அங்கேயே நிற்கிறது. கண் போன இடத்துக்கே பந்தும் போகிறது. 'கோல்கீப்பர் பக்கம் அடித்துவிடாதே' என்று சொல்லி அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம் என்று நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு காட்டியது. செய்யாதே என்று மனம் தனக்குத்தானே கட்டளையிடும்போது, செய்யக் கூடாததைத்தான் கண் முன்னே நிறுத்திக்கொள்கிறது. கோல்கீப்பர்களும் இதற்கு விலக்கல்ல. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளைப் பார்த்தபோது, கணிசமான பந்துகள் நடுவில் வந்தபோதிலும் கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது நூற்றில் ஆறு முறைதான். பாய்ந்து தோற்றால் முயன்றான் என்பார்கள், நின்று தோற்றால் பொம்மை என்பார்கள். தோல்வியைவிடத் தோல்விக்குப் பிறகு வரும் ஏச்சுக்கே அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள் என்று இதை வாசிக்கிறேன்.

புகழும் பாரம்தான். பெரிய விருதுகள் வாங்கிய பிறகு ஷூட்அவுட்டில் உதைத்த நட்சத்திரங்களைவிட, அதே தரத்தில் இருந்தும் விருது இன்னும் கிடைக்காத காலத்தில் உதைத்தவர்களே அதிகம் கோல் அடித்தார்கள் என்கிறது யூர்டெட்டின் இன்னோர் ஆய்வு. 1994இல் பஸடீனாவில் ரொபெர்டோ பாஜ்ஜோ பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியபோது, அதற்கு முந்தைய ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரர் விருது அவரிடம் இருந்தது. இத்தாலியை இறுதிக்குக் கொண்டுவந்ததே நாக் அவுட் சுற்றுகளில் அவர் அடித்த ஐந்து கோல்கள்தான். அன்று பரேசியும் மஸாரோவும்கூடத் தவறவிட்டார்கள். பாஜ்ஜோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மிச்சமிருந்தது. இவற்றையெல்லாம் மறந்துவிட்டு, தலை குனிந்து நிற்கும் அந்த ஒருவரை மட்டும் முப்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறோம். இது அநியாயம்.

ஆய்வுகள் எல்லாம் உறுதியாக நிலைத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். முதலில் உதைக்கும் அணி பத்தில் ஆறு முறை வெல்கிறது, பின்தங்கித் துரத்தும் மன அழுத்தமே அதற்குக் காரணம் என்று 2010இல் ஹோசே அபெஸ்டெகியாவும் இக்னாசியோ பலாசியோஸ் ஹுவெர்த்தாவும் 129 ஷூட்அவுட்களை வைத்துக் காட்டினார்கள். உலகமே நம்பியது. இரண்டு ஆண்டுகளில், 540 ஷூட்அவுட்களைத் திரட்டிய இன்னொரு குழு, அந்த அனுகூலம் கிட்டத்தட்ட மறைந்துவிடுவதைக் கண்டது. இதற்கிடையில் விதி வகுக்கும் அமைப்பு உதைக்கும் வரிசையையே மாற்றி 2017இல் சோதித்துப் பார்த்தது. குழப்பமே மிஞ்சியதால் அடுத்த ஆண்டு கைவிட்டது. சிறிய எண்ணிக்கையில் பெரிய மனத்தத்துவத்தைக் கண்டுவிடும் ஆசை ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல.

எதிராளியின் மனத்தைக் கலைப்பதையே ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தவர்களும் உண்டு. 2006 உலகக் கோப்பை ஷூட்அவுட்டில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மன் கோல்கீப்பர் லேமன் தன் காலுறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எடுத்துப் படித்தார். கடைசியாக வந்த கம்பியாஸோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் லேமன் பார்த்தார், அது கம்பியாஸோவுக்குத் தெரியாது, பந்து தடுக்கப்பட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், பிரான்ஸின் சுவாமேனி உதைக்க வந்தபோது பந்தை வேறு பக்கம் எறிந்துவிட்டு அதை எடுத்துவரும்படி செய்தார். சுவாமேனி வெளியே அடித்தார். அடுத்த ஆண்டு, உதைப்பவரின் கவனத்தை முறையற்றுக் குலைக்கக் கூடாது என்ற தெளிவு விதிப்புத்தகத்தில் ஏறியது.

ஷூட்அவுட் தனிமனித பயத்தைக் காட்டுகிறது என்றால், முன்னிலையை இழப்பது கூட்டு பயத்தைக் காட்டுகிறது. இதில் எனக்கு விளங்காத பகுதிகளும் உண்டு, அதனாலேயே அது என்னை ஈர்க்கிறது. 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஏ.சி. மிலான் இடைவேளையில் 3–0 என்று முன்னிலை. மால்டினி, நெஸ்டா, பிர்லோ, ககா என்று உலகின் தலைசிறந்தவர்கள். 54ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் ஜெரார்ட் தலையால் முட்டினார். 60ஆவது நிமிடத்துக்குள் 3–3. ஆறு நிமிடங்களில் அந்த மனிதர்கள் கால்பந்தை மறந்துவிடவில்லை. கையில் இருப்பது போதுமென்று நினைத்துக் காப்பதும், இன்னொன்று வேண்டுமென்று ஆடுவதும் உடலளவில் வேறு வேறு செயல்கள். காக்க நினைக்கும் அணி பின்னால் இறங்குகிறது, பந்தைத் துரத்தியடிக்கிறது, துரத்தியடித்த பந்து எதிரணியிடமே திரும்பி வருகிறது. ஒருவருடைய பதற்றம் அடுத்தவருக்குத் தொற்றுகிறது. 2017 மார்ச்சில் பி.எஸ்.ஜி. 4–0 என்ற முதல் ஆட்டத்து முன்னிலையோடு பார்சிலோனாவுக்குப் போய் 6–1 என்று தோற்றது; கடைசி மூன்று கோல்களும் 88ஆவது நிமிடத்திலிருந்து விழுந்தவை. அன்று வென்ற பார்சிலோனாவே அடுத்த ஆண்டு ரோமாவிடமும், அதற்கடுத்த ஆண்டு லிவர்பூலிடமும் மூன்று கோல் முன்னிலைகளைப் பறிகொடுத்தது. ரோமில் நடந்ததன் நினைவு லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கும் கூடவே வந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. சென்னையின் எஃப்சி 2015 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற விதமும் இந்த வரிசைதான்: 87ஆவது நிமிடத்தில் கோவா முன்னிலை பெற்றது, 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரிடமிருந்தே ஒரு சேம்சைடு கோல், கூட்டிய நேரத்தில் மெண்டோசா.

பிரேசிலில் இந்தக் கூட்டு பயம் ஒரு தேசத்தின் அளவுக்கு வளர்ந்தது. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில், உலகக் கோப்பையை வெல்ல பிரேசிலுக்கு ஒரு சமநிலையே போதும். அன்று காலையிலேயே செய்தித்தாள் அவர்களை உலக சாம்பியன் என்று அச்சிட்டிருந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். முதல் கோலை அடித்ததும் பிரேசில்தான். பிறகு உருகுவேயின் ஷியாஃபினோ, 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா. பழி கருப்பின வீரர்கள் மூவர் மேல் விழுந்தது. அதிகம் சுமந்தவர் கோல்கீப்பர் பார்போசா. பிரேசில் சட்டத்தில் அதிகபட்ச தண்டனை முப்பது ஆண்டுதான், நான் ஐம்பது ஆண்டு அனுபவித்துவிட்டேன் என்ற பொருளில் அவர் இறுதிக்காலத்தில் சொன்னார். 2000இல் இறந்தார். தேசிய அணியின் வெள்ளைச் சட்டைகூட ராசியில்லாதது என்று மஞ்சளாக மாற்றப்பட்டது.

அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி சொந்த மண்ணில் உலகக் கோப்பை. சிலியுடனான ஷூட்அவுட்டின்போது கேப்டன் தியாகோ சில்வா பந்தின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில், காயம்பட்ட நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேசிய கீதம் பாடினார்கள். துக்க வீட்டின் சாயல் அதில் இருந்தது. 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல்கள், இறுதியில் 7–1. நெய்மாரும் சில்வாவும் இல்லாததையும் தற்காப்புக் குளறுபடிகளையும் பயிற்சியாளர்கள் விளக்க முடியும். ஆனால் இரண்டாவது கோலுக்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் ஓடியதைத் தந்திரப் பலகை விளக்காது.

இதற்கு நேரெதிரான தொற்றும் உண்டு. ஷூட்அவுட்டில் கோல் அடித்தவுடன் இரு கைகளையும் உயர்த்தி வெளிப்படையாகக் கொண்டாடும் வீரர்களின் அணி வெல்லும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் ஓர் ஆய்வு கண்டது. காத்து நிற்கும் சகாக்களுக்கு அந்தக் கை தைரியம் தருகிறது; எதிரணியின் அடுத்த ஆளுக்குச் சுமை ஏற்றுகிறது. அடக்கமாகத் திரும்பி நடப்பதுதான் பண்பு என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது சங்கடமான செய்தி.

கூட்டத்தின் பங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்த மைதானத்தில் ஆடும்போது, அதுவும் பரம எதிரியோடு ஆடும்போது, வீரர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் கூடுவதை இங்கிலாந்தில் அளந்திருக்கிறார்கள். ஆனால் சொந்த மண் அனுகூலத்தில் ஒரு பகுதி நடுவரின் தலைக்குள் இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு ஜெர்மன் லீக் காலி இருக்கைகளோடு திரும்பியபோது, சொந்த மைதான அனுகூலம் தேய்ந்தது. வெளியூர் அணிக்கு வழக்கமாக அதிகம் கிடைக்கும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

அந்தக் கூட்டத்துக்கு என்ன நேர்கிறது? பிரிட்டனில் மக்களின் மனநிலையைக் கைப்பேசி வழியாகத் தொடர்ந்து பதிவுசெய்த தரவுகளிலிருந்து, தன் அணி தோற்றால் வரும் வருத்தம், வென்றால் வரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கணக்கிட்டார்கள். 1979இல் உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் பணத்தைப் பற்றிச் சொன்னதும் இதைப் போன்றதே. உலகக் கோப்பையிலிருந்து ஒரு நாடு வெளியேறிய மறுநாள் அந்நாட்டுப் பங்குச்சந்தை சறுக்குகிறது, வென்றால் ஏறுவதில்லை. 2006இல் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதயக் கோளாறு அவசரங்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ரசிகர் தன் பணத்தையும் வார இறுதியையும் கொடுத்து, கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டத்தையே வாங்குகிறார். அந்த நஷ்டத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று அவர் தேடும்போதுதான் பார்போசாக்கள் உண்டாகிறார்கள். கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் 1994 ஜூன் 22 அன்று சேம்சைடு கோல் அடித்தார். பத்து நாள் கழித்து மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009 நவம்பரில் ஜெர்மன் கோல்கீப்பர் ராபர்ட் என்கெ மனச்சோர்வு நோயால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பல ஆண்டுகள் மறைத்துவைத்திருந்தார். நோயைத் தோல்வியின் விளைவு என்று சுருக்கக் கூடாது. ஆனால் ஒரு கோல்கீப்பர் பலவீனத்தை ஒப்புக்கொள்ள முடியாததாக அந்தத் தொழிலை வைத்திருந்தது நோயல்ல.

வெற்றியும் நிம்மதியைத் தருவதில்லை. 2016இல் 5000க்கு 1 என்ற பந்தய விகிதத்தைப் பொய்யாக்கி லெஸ்டரை இங்கிலாந்து லீக் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியெரி, ஒன்பது மாதத்தில் நீக்கப்பட்டார். பயிற்சியாளரை மாற்றினால் அணி எழுந்துவிடும் என்ற நம்பிக்கையை நெதர்லாந்தின் பதினெட்டு ஆண்டுத் தரவில் சோதித்தார் பாஸ் டெர் வேல் என்ற பொருளியலாளர். மாற்றாத அணிகளும் அதே அளவு மீண்டன. தொடர் தோல்விக்குப் பிறகு சராசரிக்குத் திரும்புவது இயல்பு. புதியவர் சரியான நேரத்தில் வந்து பேரை வாங்கிக்கொள்கிறார்.

அப்படியானால் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்தே சான்று. 1996 அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர் கேரத் சவுத்கேட். இருபது ஆண்டு கழித்து அவரே தேசியப் பயிற்சியாளரானார். ஷூட்அவுட் ஒரு லாட்டரி என்ற பழைய சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. உளவியலாளர் பிப்பா கிரேஞ்சை அழைத்துவந்தார். மைய வட்டத்திலிருந்து பந்து வரை நடக்கும் அந்த நீண்ட நடையையும் பயிற்சியில் சேர்த்தார்கள். உதைக்கும் முன் நிதானிக்கக் கற்றார்கள். யார் உதைப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, பொறுப்பைத் தனி ஆளிடமிருந்து எடுத்து அணியின் திட்டமாக்கினார்கள். 2018இல் கொலம்பியாவை வென்றது, உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஷூட்அவுட் வெற்றி.

2021இல் வெம்பிளியில் இத்தாலிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியில், மறுபடி ஷூட்அவுட்டில் தோல்வி. ஐந்தாவது உதை 19 வயது புகாயோ சாகாவுக்கு. தவறவிட்டால் உடனே தோல்வி என்ற, நூற்றுக்கு அறுபது வகை உதை. டொனரும்மா தடுத்தார். தவறவிட்ட மூன்று கருப்பின இளைஞர்கள் மேல் அன்றிரவே நிறவெறி வசை கொட்டியது. ஆனால் முன்பு போல அவர்கள் தனியாக விடப்படவில்லை. உதைக்க ஆட்களைத் தேர்ந்தது தானே, பொறுப்பும் தன்னுடையதே என்று சவுத்கேட் வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஐரோப்பியக் கோப்பையில், டுசல்டார்ஃபில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதி ஷூட்அவுட்டில் பால்மர், பெல்லிங்ஹாம், சாகா, டோனி, அலெக்சாண்டர் ஆர்னால்டு ஐவருமே கோல் அடித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து இறுதியில் ஸ்பெயினிடம் 1–2 என்று தோற்று, சவுத்கேட் பதவி விலகினார். கோப்பை இல்லை என்பதால் அவருக்கு 'வெல்லும் மனநிலை' போதவில்லை என்று எழுதியவர்கள் பலர். அவருக்கு முன் ஆண்கள் தேசிய அணி பெரிய போட்டிகளில் ஆடிய ஏழு ஷூட்அவுட்களில் வென்றது ஒன்று. அவர் காலத்தில் மூன்றில் இரண்டு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து நானும் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் 2021இல் தவறவிட்ட சாகா 2024இல் ஒளிந்துகொள்ளாமல் மூன்றாவது ஆளாக முன்வந்தது எந்தக் கணக்கிலும் சேராத ஒரு முடிவு. கோப்பைகளை எண்ணுகிறவர்கள் அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.